வீடு தேடி வருபவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் தனிமை பற்றிய உங்கள் கட்டுரை பணம், மருந்து என்பதோடு நின்றுவிட்டது. 1833-ல் பாரிஸில் பிரெடெரிக் ஒசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பினர், இன்றும் ஏழைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு பேராக. எங்கள் மேல்மாடியில் தனியாக இருந்த பாட்டியைப் பார்க்கவும் அப்படி இருவர் வருவார்கள். (மதம் மாற்றத்தான் வருகிறார்களோ என்று நான் முதலில் சந்தேகப்பட்டதும் உண்மை.) கொண்டுவந்த பையை ஓரமாக வைத்துவிட்டு, பாட்டியின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பார்கள். அப்புறம், நூறு தடவை சொன்ன கதையைப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பார்கள். அன்றைக்கு மட்டும் பாட்டி காலையிலேயே தலைவாரி, கதவைத் திறந்து வைத்துவிடுவார். அடுத்த முறை இவர்களிடமும் பேசிவிட்டு எழுதுங்கள்.

- ஒரு வாசகர்