‘இங்கே குளிக்கலாம்’ என்று ஒரு பலகை

சேலம் மாநகராட்சி மேயர், ஆணையர், மாவட்ட ஆட்சியர் ஆகியோருக்கு,

வணக்கம்.

நான் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். எழுதிப் பழக்கமில்லை, பில் போடுவதோடு சரி. ஆனாலும் ஏப்ரல் பிறந்தாலே ஒரு விஷயம் மனசை அரிக்க ஆரம்பித்துவிடுகிறது. கோடையில் பிள்ளைகள் காவலோடு இறங்கிக் குளிக்க ஊரில் ஒரு ஏரிக்கரை வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேலத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மலையும் கரடும், நடுவில் அடுப்பில் ஏற்றிய சட்டி மாதிரி ஊர். வெளியே நாற்பது டிகிரி அடிக்கும்போது வெள்ளி உருக்குகிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தண்ணீர் என்ற சொல்லின் அர்த்தம் முழுசாகத் தெரியும். வசதி உள்ளவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கேயும் ஏரியில் படகு விடலாமே தவிர இறங்கிக் குளிக்க முடியாது. எங்கள் சந்துப் பையன்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து மதியம் மூன்று மணிக்குத் தெருவில் ஒருவனைப் பார்க்க முடியாது. எங்கே போனான் என்று யாரும் கேட்பதில்லை. ஆறு மணிக்குக் கண் சிவந்து, தலை ஈரமாக, சட்டை மட்டும் காய்ந்தபடி திரும்பி வருவான். பார்த்தாலே தெரிந்துவிடும். அம்மாக்காரி முதுகில் ரெண்டு வைப்பாள், அப்புறம் சோறு போடுவாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், எங்கள் சந்திலிருந்து நால்வர் போய் மூவர்தான் திரும்பி வந்தார்கள். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக் குட்டை. எட்டாவது முடித்த பையன், பட்டறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து கண்ணி பின்னுகிறவரின் மகன். இரண்டு நாள் கழித்து அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு பக்கமும் கத்தியால் வெட்டியது மாதிரி செங்குத்தான பாறை. கால் வைக்க ஒரு படி இல்லை, கை பிடிக்க ஒரு விளிம்பு இல்லை. பாசி வேறு. நீச்சல் தெரிந்தவனே அதற்குள் விழுந்தால் ஏறி வருவது கஷ்டம். கரையில் ஒரு தகரப் பலகை நின்றது: ‘ஆழமான பகுதி, குளிக்கத் தடை’. அப்புறம் ஒரு மனு எழுதிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லித்தான் பேசினார். ‘தடை போர்டு வெச்சாச்சுங்களே, இன்னும் என்னங்க பண்றது?’ என்றார்.

இன்னும் என்ன பண்ணலாம் என்பதுதான் இந்த மடல்.

முதலில் ஒன்று. எங்கள் தலைமுறைப் பையன்களும் இதே ஆட்டம்தான் ஆடினோம். அயோத்தியாப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் அம்மாவின் ஊர். அங்கே மாமாதான் எனக்கு நீச்சல் பழக்கினார். இடுப்பில் தாம்புக் கயிறு, மிதப்பதற்கு முதுகில் காய்ந்த சுரைபுருடை, பிடித்துக் கிணற்றுக்குள் ஒரே தள்ளு. மூக்கில் தண்ணீர் ஏறிக் கத்துவேன். மாமா படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டே கயிற்றை மட்டும் விடாமல் வைத்திருப்பார். பத்து நாளில் புருடை போனது, இருபது நாளில் கயிறு போனது. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், உயிர்காப்பாளர் என்று நீங்கள் எல்லாம் சொல்கிற ஆள் மாமாதான். சம்பளம் இல்லை, சீருடை இல்லை, ஆனால் கண் எங்கள் மேலேயே இருக்கும்.

அந்தக் கிணறு இப்போது வறண்டு குப்பை கொட்டும் குழியாகக் கிடக்கிறது. பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். அதில் தண்ணீர் வரும், நீச்சல் வராது. ஒரு தலைமுறைக்குள் கிணறும் போனது, கயிறு பிடிக்கிற மாமாவும் போனார். ஆனால் வெயில் போகவில்லை, பையனுக்குத் தண்ணீர் மேல் இருக்கிற ஆசையும் போகவில்லை. அவன் போய் இறங்குகிற இடம்தான் மாறியிருக்கிறது. கல்குவாரிக் குட்டை, இல்லையென்றால் வண்டல் மண் அள்ளிய ஏரி. ஏரி ஆழமில்லை, முழங்கால் தண்ணீர்தான் என்று நடந்துகொண்டே போவான். பொக்லைன் தோண்டிய பள்ளம் கலங்கல் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு அடி எடுத்து வைத்தால் ஆளையே முழுங்கும். தூர்வாருவது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ஓரத்தைச் சரிவாக விட்டு அள்ளுவதும் கிணறு மாதிரி வெட்டி அள்ளுவதும் ஒன்றல்ல.

மூழ்குகிறவன் கத்துவான், கை ஆட்டுவான் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் சத்தமே இருக்காது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வந்து போகும்போது மூச்சு விடத்தான் நேரம் இருக்கும், கூப்பிட இருக்காது. கை இரண்டும் தண்ணீரை அழுத்திக்கொண்டு இருக்கும், தூக்கி ஆட்ட முடியாது. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த மூன்று பையன்களும் இதைத்தான் சொன்னார்கள்: ‘அவன் வெளையாடுறான்னு நெனச்சோம் மாமா.’ பத்தடி தூரத்தில்தான் இருந்திருக்கிறார்கள். கூட்டம் இருந்தால் பாதுகாப்பு என்பது பொய். அதற்கென்றே பழகிய கண் ஒன்று வேண்டும். பழகாதவன் காப்பாற்றக் குதித்தால் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒரே குடும்பத்தில் அக்கா, தங்கை, சித்தி என்று மூன்று பேர் என வருடா வருடம் செய்தி வருவது இதனால்தான். 2022-இல் மட்டும் நாட்டில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000 பேருக்கு மேல் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்கிறது.

என் மகள் டொராண்டோவில் இருக்கிறாள், நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஸ்கார்பரோ பகுதியில். ஒரு ஜூலையில் அங்கே போயிருந்தபோது பிளஃபர்ஸ் பார்க் என்ற கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். கடல் என்றுதான் நினைத்தேன். எதிர்க்கரையே தெரியவில்லை, அலை வேறு அடிக்கிறது. அள்ளி வாயில் வைத்தால் உப்பே இல்லை. ஒன்டாரியோ ஏரி! தண்ணீர் ஜில்லென்று எலும்புக்குள் போனது. அது கிடக்கட்டும், நான் பார்த்துக்கொண்டே நின்றது வேறு. உயரமான நாற்காலியில் இருபது இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குக் கண் மட்டும் போய்ப் போய் வந்தது. எனக்கு மாமாதான் ஞாபகம் வந்தார், பீடி இல்லாத மாமா. கோடை மாதங்களில் மட்டும் அந்த வேலை. கட்டணம் இல்லை, டிக்கெட் இல்லை.

இன்னொன்றும் மகள் சொன்னாள். கோடையில் அந்த நகரத்துக் குளிக்கும் கரைகளில் தினமும் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். நூறு மில்லிலிட்டரில் ஈ-கோலி கிருமி நூறுக்கு மேல் போனால் இன்று குளிக்க வேண்டாம் என்று அறிவித்துவிடுகிறார்கள். பெருமழை பெய்தால் இரண்டு நாள் இறங்காதே என்கிறார்கள், தெருவில் ஓடுகிற அழுக்கும் சாக்கடையும் ஏரிக்கு வந்துவிடுமாம். கனடாக்காரன் ஏரியிலும் சாக்கடை கலக்கிறது என்று கேட்டபோது எனக்கு என்னமோ ஒரு ஆறுதல். வித்தியாசம், அவர்கள் அதை அளந்து பலகையில் எழுதி வைக்கிறார்கள்.

அது வெளிநாடு, நமக்குச் சரிப்படாது என்று சொல்வீர்கள். அந்தக் கரையில் நீலக்கொடி பறந்தது, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள குளிக்கும் கரைகளுக்குத் தருகிற சர்வதேசச் சான்று அது. 2021-இல் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்துக்கும் அது கிடைத்தது. தண்ணீர்ப் பரிசோதனையும் உயிர்காப்பு ஏற்பாடும் இல்லாமல் அந்தக் கொடி தரமாட்டார்கள். அது கடலுக்கு மட்டும் உள்ள கொடியும் இல்லை, ஏரிக்கும் உண்டு. அவ்வளவு தூரம்கூட வேண்டாம், நம் மாவட்டத்திலேயே நீங்கள் இதைச் செய்கிறீர்கள். ஆடிப்பெருக்கு அன்று மேட்டூரில் காவிரியில் நீராடக் கூட்டம் சேரும்போது தீயணைப்புத் துறையினரை நிறுத்துகிறீர்கள், தடுப்புக் கட்டுகிறீர்கள், எந்தப் படித்துறையில் இறங்கலாம், எதில் கூடாது என்று சொல்கிறீர்கள். ஆடி 18 அன்று முடிகிற காரியம் சித்திரையிலும் வைகாசியிலும் ஏன் முடியாது?

சரி, எந்த ஏரி? இங்கேதான் எனக்கும் தயக்கம். பனமரத்துப்பட்டி ஏரி மாநகராட்சியின் சொந்தச் சொத்து, இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல், ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிதண்ணீர் தந்தது. ஆனால் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலத்தைத்தான் அங்கே அதிகம் பார்த்திருக்கிறேன். கன்னங்குறிச்சி மூக்கனேரி ஐம்பத்தெட்டு ஏக்கர். சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து சேர்கிற இடம். ஊர்க்காரர்களே முன்வந்து தூர்வாரி, நடுவில் திட்டுகள் போட்டு, மரம் நட்டுக் காப்பாற்றிய ஏரி. அங்கே பறவைகள் இருக்கின்றன, ஏரி முழுக்க மனிதர்களை இறக்கிவிடச் சொல்ல எனக்கு மனசு வராது. கரையோரம் ஒரு மூலை போதும். நாலடி ஆழத்துக்கு மேல் போகாமல் அடியைச் சமப்படுத்தி, மிதவைக் கயிறு கட்டிய ஒரு கால் ஏக்கர். அதுவும் முடியாது என்றால் மேட்டூர் பக்கம் ஒரு இடம் பாருங்கள். நான் எந்த ஏரிக்கும் வக்கீல் இல்லை.

எந்த ஏரியானாலும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். இது என் கோரிக்கைக்கு இடைஞ்சல் என்று முதலில் நினைத்தேன், இப்போது இதுதான் அதன் பலம் என்று படுகிறது. குளிப்பதற்கு உகந்த தண்ணீர் எது என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கெனவே வரையறுத்திருக்கிறது: நூறு மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் கிருமி 500-க்குள், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல். ஏரியைச் சீரமைக்கிறோம் என்று நடைபாதை போடுகிறோம், விளக்கு வைக்கிறோம், படகு விடுகிறோம். சாக்கடை கலந்த தண்ணீரின் மேலும் படகு மிதக்கும், புகைப்படத்தில் நாற்றம் தெரியாது. ஆனால் வாரா வாரம் ஊர்ப் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கிற ஏரியில் எவனாவது கழிவுநீர்க் குழாயைத் திருப்பிவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? அம்மாக்காரிகளே முதலில் வந்து நிற்பார்கள். உங்கள் ஆய்வாளரை விட அது பெரிய காவல்.

ஆள் எங்கே என்று கேட்பீர்கள். மேட்டூர் அணையில் மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பரிசல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சந்துப் பையனைக் குட்டையிலிருந்து மேலே எடுத்ததும் அப்படிப்பட்ட ஒரு ஆள்தான். தீயணைப்பு வண்டியோடு வந்தார், மூன்று முறை மூழ்கினார், நான்காவது முறை எடுத்துக்கொண்டு வந்தார். தண்ணீரை அவ்வளவு தெரிந்த மனிதரைப் பிணம் எடுக்க மட்டும்தான் நாம் கூப்பிடுகிறோம். அப்படிப்பட்ட ஆறேழு பேருக்கு முதலுதவியும் மூச்சு மீட்கிற முறையும் முறைப்படி கற்றுக்கொடுத்து, கோடை மூன்று மாதம் காலையும் மாலையும் சம்பளத்தோடு உட்கார வையுங்கள். நிழலுக்கு ஒரு கூரை, உயரமாக ஒரு நாற்காலி, வீசுவதற்குக் கயிறும் டியூபும், ஒரு பரிசல். மது குடித்தவனைக் கரையிலேயே திருப்பி அனுப்புகிற அதிகாரமும் அவருக்கு வேண்டும்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பையனாவது திருட்டுத்தனமாகப் போய்ப் பழகிக்கொள்கிறான், அவளுக்கு அதுவும் இல்லை. துணி துவைக்கப் போன இடத்தில் கால் வழுக்கினால் முடிந்தது. காந்தி விளையாட்டரங்கத்து நீச்சல் குளம் நல்ல ஏற்பாடுதான், ஆனால் கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு நெசவுக்காரர் மகள் தினமும் பஸ் ஏறிக் கட்டணம் கட்டி வருவாளா? உடை மாற்ற மறைப்பான அறையும், பெண்களுக்கென்று ஒரு நேரமும், சொல்லித்தர ஒரு பெண்ணும் இருந்தால் வருவாள்.

கடைசியாக, நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம். தடைப் பலகை வைத்த இடத்தில் பிள்ளை செத்தால் தப்பு பிள்ளையின் மேல். அனுமதித்த இடத்தில் செத்தால் தப்பு அதிகாரியின் மேல். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கும் அந்தப் பயம் வரும், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையனின் அப்பா இன்றைக்கும் எனக்கு எதிரேதான் உட்கார்ந்து கண்ணி பின்னுகிறார். மே மாதம் மூன்று மணி ஆனால் கையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலையே பார்ப்பார். பலகை எந்த இலாகாவுடையது என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

என் பேத்திக்கு ஒன்பது வயது, நீச்சல் தெரியாது. போன தையில் கொல்லையில் காய்த்த சுரைக்காய் ஒன்றைப் பறிக்காமல் முற்றவிட்டு, குடைந்து, பட்டறை உத்தரத்தில் காயத் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் எதற்கு இது என்று கேட்கிறார்கள். கயிறும் வாங்கி வைத்துவிட்டேன். இடம் எது என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரன் ஒருவன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.