சிட்னியிலிருந்து அண்ணாவுக்கு: வான் வண்டிக்குள் வைக்கும் பிரிட்ஜ் பற்றி

வென்ட்வேத்வில்,
சிட்னி.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கப் பத்திரகாளி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். வானுக்குள் வைக்க எந்த பிரிட்ஜ் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் பாதி விளங்காது, மீதி மறந்துபோகும். அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். உங்கள் வானுக்கு வயர் வேலை செய்கிற தம்பியிடமும் இதைக் காட்டுங்கள்.

முதலில் இங்கே நாங்கள் இருக்கிற விதத்தைச் சொல்கிறேன். அங்கே வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும்போது இங்கே நடுக்கோடை. பள்ளிக்கூட விடுமுறையும் இப்போதுதான். நாங்கள் இருக்கிற இடத்திலிருந்து கொஞ்சம் மேற்கே பென்ரித் என்று ஓர் ஊர். 2020 ஜனவரி 4ஆம் திகதி அங்கே 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. கச்சான் அடிக்கிற ஆனி ஆடியில்கூட திருகோணமலையில் நாங்கள் அப்படி ஒரு சூட்டைக் கண்டதில்லை. இந்த மாதத்தில் இங்குள்ள சனம் வீட்டில் இருக்காது. வானிலும் கரவானிலும் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவார்கள். வண்டியை நிறுத்தித் தங்கும் இடத்தை மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நாங்களும் அப்படித்தான் ஜேர்விஸ் குடா வரை போய்வருகிறோம். அந்த வெள்ளை மணலில் நடக்கும்போது நிலாவெளி ஞாபகம் வரும். தண்ணீர் மட்டும் காலை வைக்க முடியாத குளிர்.

எங்களுடைய வானும் ரொயோட்டா ஹையேஸ்தான். அங்கே டொல்பின் என்று சொல்கிறோமே, அதற்குப் பிறகு வந்த மாடல். பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு இவர் பலகையால் கட்டில் அடித்திருக்கிறார். இழுவைக் கதவைத் திறந்தவுடன் கைக்கெட்டும் இடத்தில் பிரிட்ஜ். வெளிக்கிடுவதற்கு முதல்நாள் அதை வீட்டுக் கரண்டில் போட்டு நன்றாகக் குளிர வைத்துவிடுவேன். மீன்குழம்பையும் பருப்பையும் பைகளில் தட்டையாக ஊற்றி வீட்டு பிரீசரில் உறைய வைத்து அடியில் அடுக்குவேன். அவை உருகுகிற வரை மற்றச் சாமான்களையும் குளிராக வைத்திருக்கும். நெடுந்தூரம் போகும்போது பழங்களை அளவாகத்தான் எடுக்க வேண்டும். தென் அவுஸ்திரேலிய எல்லையில் யம்பா என்ற இடத்தில் மறித்துப் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். பழ ஈ பரவாமல் இருக்க, மாம்பழமானாலும் தக்காளியானாலும் அங்கேயே போட்டுவிட்டுத்தான் போகலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பெட்டி பெல்டியர் வகை. ஒரே பெட்டியில் குளிராக்கவும் சூடாக்கவும் ஆளி இருக்கிறது, தூக்கினால் பாரமே இல்லை, விலையும் மலிவு என்றால் அநேகமாக அதுதான். உள்ளே கம்பிரசர் கிடையாது. சின்னத் தகடு ஒன்றில் கரண்ட் ஓடும்போது ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும், அந்தச் சூட்டைச் சின்ன விசிறி வெளியே தள்ளும். எவ்வளவு நேரம் ஓடினாலும் வெளிச்சூட்டைவிட 18, 20 பாகைதான் குறைக்கும். ஐரோப்பாவில் 22 பாகைக் காலநிலையில் அது சரிவரும். உச்சி வெயிலில் நிலாவெளி வீதியில் நிற்கிற வானுக்குள் 38 பாகை என்றால், பெட்டிக்குள் 18 பாகை இருக்கும். சாப்பாடு பழுதாகாமல் இருக்க 5 பாகைக்குக் கீழே வேண்டும். அதோடு, போதிய குளிர் வந்துவிட்டது என்று தானாக நிற்கவும் மாட்டாது. 4, 5 அம்பியரை இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் வான் ஸ்டார்ட் ஆகாது. அதை வாங்கவே வேண்டாம் அண்ணா.

காஸிலும் ஓடுகிற வகை ஒன்று இருக்கிறது. இங்கே பழைய கரவான்களில் அதுதான். சத்தமே இல்லை. ஆனால் வாகனம் சமதரையில் நிற்க வேண்டும், காஸ் சுவாலையோடு ஓடக் கூடாது, புகை வெளியே போகக் குழாய் வைக்க வேண்டும். பூட்டிய வானுக்குள் அந்தப் புகை ஆளைக் கொல்லும். வெயில் ஏற ஏற அதன் குளிரும் குறையும். ஊருக்குத் தோதான சாமான் இல்லை.

அப்போ மிஞ்சுவது கம்பிரசர் பெட்டி. வீட்டுப் பிரிட்ஜின் அதே வேலைதான், 12 வோல்ட்டில் ஓடும், அவ்வளவுதான். வெளியே 40 பாகை என்றாலும் உள்ளே 4 பாகைக்குக் கொண்டுவரும். நல்லது என்றால் உறையவும் வைக்கும். மேலால் திறக்கிற மூடியாகப் பாருங்கள். முன்கதவு வகையைத் திறந்தவுடன் குளிர்காற்று கீழே கொட்டிவிடும், மேல்மூடியில் அது உள்ளேயே தங்கும். பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் காலநிலை வகுப்பு என்று ஆங்கில எழுத்து இருக்கும். ‘என்’ (N) என்றால் வெளிச்சூடு 32 பாகை வரைக்கும்தான், ‘எஸ்டி’ (ST) என்றால் 38 வரைக்கும், ‘டி’ (T) என்றால் 43 வரைக்கும். உங்களுக்கு ‘டி’ வேண்டும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்களே குனிந்து பாருங்கள்.

பழசு வாங்குவதிலும் தப்பில்லை. இங்கே ஏங்கல் என்று ஜப்பான் பெட்டி ஒன்று, சவாபுஜி கம்பனி செய்கிறது. வருடக்கணக்கில் மீன்பிடிப் படகில் கிடந்து அடிபட்டும் ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிகளைக் கண்டிருக்கிறேன். ஐரோப்பியப் பெட்டிகள் பலவற்றில் செகொப் கம்பிரசர் இருக்கும். முன்பு அது டன்பொஸ் என்ற பெயரில் வந்தது. பழசென்றால் மூடியின் ரப்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு நூறு ரூபாய்த் தாளை விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே வைத்து மூடியை அமத்துங்கள். தாளை இழுக்கும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் குளிர் போகிறது. நாலு பக்கமும், மூலைகளிலும் இப்படிப் பாருங்கள். ரப்பர் மாற்றக் கிடைக்காது என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். எல்லோரும் பெட்டியின் லீற்றரையும் வெளி அழகையும் பார்த்து வாங்குகிறார்கள். பெட்டிக்குக் கரண்ட் எப்படி வரப்போகிறது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். 40 லீற்றர் பெட்டி ஓடும்போது 4, 5 அம்பியர் எடுக்கும், குளிர்ந்ததும் நிற்கும், பிறகு ஓடும். மிதமான காலநிலையில் ஒரு நாளைக்குச் சுமார் 30 அம்பியர்-மணி போகும் (ஓர் அம்பியரை ஒரு மணித்தியாலம் எடுத்தால் ஓர் அம்பியர்-மணி). எங்கள் ஊர் வெயிலில் 40, 50 என்று கணக்கு வையுங்கள். வானின் ஸ்டார்ட் பற்றறியில் இதை ஓட்ட முடியாது. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றறி ஒன்றைத் தனியாக வைத்தாலும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, இறக்கினால் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 50. ஒரு நாள் தாங்கும். மறுநாள் வான் ஓட வேண்டும், அல்லது வெயில் எரிக்க வேண்டும். லித்தியம் பற்றறி என்றால் 80 வரை எடுக்கலாம், பாரமும் பாதிதான். ஆனால் அதற்குத் தனி சார்ஜர் பூட்டாமல் அல்டர்னேட்டரில் நேரே இணைக்கக் கூடாது. உங்கள் பழைய வானுக்கு ஈயப் பற்றறியும், இரண்டு பற்றறியையும் தானாகப் பிரிக்கிற ரிலேயும் போதும். கூரையில் 100 வாட்ஸ் சோலார் தகடு ஒன்று போட்டால் நல்ல வெயில் நாளில் 30 அம்பியர்-மணி வரை திரும்பி வரும். உல்லாசப் பயணிகள் வருகிற சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை உங்களுக்கு வெயிலுக்குக் குறைவில்லை.

அப்புறம் வயர். பிரிட்ஜ் சரியில்லை என்று இங்கே சனம் திருப்பிக் கொடுக்கிற பெட்டிகளில் பலதுக்கு நோய் வயரில்தான். பற்றறி முன்னால், பிரிட்ஜ் பின்னால், இடையில் 5 மீற்றர். மெல்லிய 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால், போய்வருகிற தூரத்தில் 5 அம்பியருக்கே அரை வோல்ட்டுக்கு மேல் வழியில் தொலைந்துவிடும். பற்றறியில் கரண்ட் இருந்தும், குறைந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டி நின்றுவிடும். 6 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போட்டால் போகிற நட்டம் 0.15 வோல்ட்டுக்கும் குறைவு. பற்றறிக்குக் கிட்ட பியூஸ் கட்டாயம். சிகரட் லைட்டர் ஓட்டையில் செருகி ஓட்ட வேண்டாம், அது குலுங்கிக் கழரும், சூடேறும். பற்றறி அதிகம் இறங்குமுன் பெட்டியைத் தானாக நிறுத்த, பற்றறிப் பாதுகாப்பு என்று மூன்று நிலை இருக்கும். அவசரத்துக்கு ஸ்டார்ட் பற்றறியில் ஓட்டினால் உயர்ந்த நிலை, தனிப் பற்றறி என்றால் நடு நிலை.

மீனுக்கு இந்தப் பெட்டி வேண்டாம், கேட்டீர்களா. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் விடிய வாங்குகிற அறக்குளாவையும் கணவாயையும் இதற்குள் போட்டால் வாசம் பாலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் ஏறும். சூடான மீனைக் குளிராக்கக் கம்பிரசர் நாள் முழுக்க ஓடும். மீனுக்கு ஐஸ்தான் சரி. ஒரு கிலோ ஐஸ் உருகி முடிய 334 கிலோஜூல் சூட்டை இழுக்கிறது. அதே தண்ணீர் 0 பாகையிலிருந்து 30க்கு வர 126தான் இழுக்கும். அதனால் ஐஸ் கரைந்து முடிகிற வரை மீன் 0 பாகையை ஒட்டியே கிடக்கும். மீனின் நிறைக்குச் சரி நிறை ஐஸ் போடுங்கள். றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டி ஒரு பருவத்தில் உடைந்து பொடியாகும். சுவர் தடித்த, உள்ளே போம் அடைத்த ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினால் பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும். தூள் ஐஸ் மீனைச் சுற்றி நன்றாக அணைக்கும், கட்டி ஐஸ் நீண்ட நேரம் நிற்கும். அடியில் கட்டியும் மேலே தூளுமாகப் போடுங்கள். பெட்டியை முதல்நாள் இரவே கொஞ்ச ஐஸ் போட்டுக் குளிர வைத்தால் மறுநாள் ஐஸ் மெதுவாகத்தான் கரையும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அம்மாவுக்காக. ஆடியில் கதிர்காமத்துக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னீர்கள். மட்டக்களப்பு, அம்பாறை, மொனராகலை என்று அந்த வெயிலில் ஒரு முழுநாள். அவவின் இன்சுலினை ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். திறக்காத இன்சுலின் 2இலிருந்து 8 பாகைக்குள் இருக்க வேண்டும். ஐஸில் நேரே பட்டு உறைந்தால் அது கெட்டுவிடும். பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் ஏற்றக் கூடாது. பாவனையில் இருக்கிற ஒன்றை 4 கிழமை வரை, 25 அல்லது 30 பாகைக்கு மேற்போகாத இடத்தில் வெளியே வைக்கலாம். அம்மாவின் வகைக்கு எத்தனை பாகை, எத்தனை நாள் என்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள், கிளினிக்கிலும் கேளுங்கள். நிறுத்திய வானின் சூடு 30ஐ எப்போதோ தாண்டிவிடும்.

கம்பிரசர் பெட்டியிலும் கவனம் வேண்டும். சுவரும் அடியும்தான் ஆகக் குளிர், உறைவது அங்கேதான். இன்சுலினைத் துவாயில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டு மேல்கூடையில் வையுங்கள். பெட்டியை 5 பாகைக்கு வையுங்கள், 2, 3க்கு இறக்க வேண்டாம். வெளித்திரையில் காட்டுகிற இலக்கத்தை மட்டும் நம்பாமல், சின்னக் கிளாசில் தண்ணீர் விட்டு அதற்குள் வெப்பமானி ஒன்றை நிறுத்தி, டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயணத்துக்கு முன்னர் வீட்டிலேயே ஓர் இரவு ஓட்டிப் பார்த்தால் எந்த மூலையில் எத்தனை பாகை என்று தெரிந்துவிடும். பயணம் இல்லாத நாளில் வீட்டு 230 வோல்ட்டிலும் ஓடுகிற பெட்டியாக வாங்குங்கள். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் அம்மாவின் மருந்தை வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாட்டை நான் இங்கேயிருந்து போனில் கேட்டு அழுதேன். அப்படி ஒரு நாள் திரும்பி வந்தால் வானிலிருந்து பெட்டியை இறக்கி அந்தப் பற்றறியிலேயே ஓட்டலாம்.

ஆகவே எனக்குச் சரியென்று படுவது இரண்டு பெட்டி: 35, 40 லீற்றரில் கம்பிரசர் ஒன்று, மீனுக்குத் தடித்த ஐஸ் பெட்டி ஒன்று. ஒரே பெரிய பெட்டியாக 80 லீற்றர் வாங்கினால் கரண்டும் போதாது, இரண்டு பேர் இல்லாமல் தூக்கவும் முடியாது. கம்பிரசர் பெட்டிக்கான காசில் பாதியை நானும் இவரும் தருகிறோம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அம்மா எனக்கும் அம்மாதான்.

வாங்குவதற்கு முன் சாரதி ஆசனத்துக்குப் பின்னால் உள்ள இடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து அனுப்புங்கள். உயரம் அளக்கும்போது மூடி முழுதாகத் திறக்கவும் இடம் விட்டு அளக்க வேண்டும். காற்றோட்டத் துவாரம் உள்ள பக்கத்தில் நாலு விரல் இடைவெளி வேண்டும். பெட்டியைக் கட்ட நிலத்தில் வளையம் பூட்ட முடியுமா என்றும் பாருங்கள். பிரேக் அடித்தால் இருபது கிலோப் பெட்டி அம்மாவின் ஆசனத்துக்குத்தான் வரும். பின் கண்ணாடிக்குக் கீழே மட்டும் வைக்க வேண்டாம், பின்நேர வெயில் முழுக்க அங்கேதான் அடிக்கும்.

அளவு வந்ததும் எந்தெந்தப் பெட்டி பொருந்தும் என்று இவர் பார்த்துச் சொல்வார். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள், வயர் கதையை விட்டுவிட்டு.

இப்படிக்கு,
அன்புத் தங்கச்சி