ஆண்டறிக்கை 2024–25: கோனார்க் சக்கரம் பதிவேட்டில் இடம்பெறுமா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டுக்கான செயலர் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழை மாதங்களில் தொலைநோக்கி நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின. சந்தாவில் மாற்றமில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது சூரியக் கடிகாரப் பதிவேடு. திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் உள்ள அரைவட்டக் கடிகாரத்தைச் சேர்ப்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர் வானாய்வகத்தில் உள்ள சாம்ராட் யந்திரம் பார்வைக்கு வானை நோக்கிப் போகும் படிக்கட்டுதான். ஆனாலும் அதன் சாய்வு அந்த ஊரின் அட்சரேகையான 27 பாகையோடு பொருந்துவதால் அதுவும் விவாதமின்றிச் சேர்ந்தது. சிக்கியது, நிழலைக் கொண்டு நேரம் காட்டுவதாகச் சொல்லப்படும் ஒடிசா கோனார்க் சூரியக் கோயிலின் கல் சக்கரம். 10 ரூபாய் நோட்டில் உள்ள சக்கரத்தை விட்டுவிட்டு என்ன பதிவேடு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி என்பதால் செயற்குழு கணக்குப் போட்டுப் பார்த்தது.

கோயில் 13ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் கட்டியது. கிழக்கு நோக்கிய தேர் வடிவம். வடக்கிலும் தெற்கிலும் சேர்த்து 24 கல் சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 மீட்டர் விட்டம். தடித்த ஆரக்கால் 8, மெல்லியது 8. வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு இது: தடித்த ஆரக்கால்களுக்கு இடையே 3 மணி நேரம், அடுத்த மெல்லியதுக்கு ஒன்றரை மணி நேரம், அந்த இடைவெளியில் வட்டையில் (சக்கரத்தின் விளிம்பு வளையத்தில்) 30 முத்துகள், முத்துக்கு 3 நிமிடம். இந்தக் கணக்கில் ஓட்டை இல்லை. 8 ஆரக்கால் 8 ஜாமம் (ஜாமம் 3 மணி நேரம்), 8 முத்து ஒரு நாழிகை (24 நிமிடம்) என்று நேராகவே வருகிறது. கணக்கு வருவது ஒன்று, நிழல் அங்கே போய் விழுவது வேறு.

நடுவில் உள்ள அச்சு சுவரிலிருந்து செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 15 பாகை வீதம் நிழல் சீராக நகர வேண்டுமானால் நிழல் தரும் கம்பி வானத்தின் துருவத்தை நோக்கியிருக்க வேண்டும், சக்கரமும் அதற்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கோனார்க்கின் அட்சரேகை 19.9 பாகை. ஆக அச்சு சரியான சாய்விலிருந்து அந்த 19.9 பாகை விலகி நிற்கிறது. இதே சக்கரம் நிலநடுக்கோட்டில் இருந்திருந்தால் பிழையே இல்லை.

விலகலின் விளைவு பருவத்துக்குப் பருவம் மாறும். மார்ச், செப்டம்பர் சமநாட்களில், சூரியன் உச்சிக்கு வருவதை 12 மணி என்று கொள்ளும் சூரிய நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு நிழல் நேர்கீழ்க் கோட்டிலிருந்து 45 பாகையில் நிற்க வேண்டும், 46.8இல் நிற்கும். 7 நிமிடப் பிழைதான், பெரிதல்ல. டிசம்பர் 21இல் அதே நேரத்தில் நிழல் 53.8 பாகைக்குப் போய்விடும், சக்கரம் 3.35 என்று காட்டும். அன்று காலை 9 மணியை 8.25 என்று காட்டும். அதாவது காலையில் பின்தங்கி, மாலையில் முந்தி ஓடும். ஜூனில் கதை இன்னும் மோசம். ஏறத்தாழ மே 21 முதல் ஜூலை 23 வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருப்பதால் தெற்குச் சக்கரங்களில் வெயிலே விழாது. வடக்குச் சக்கரங்களில் விழும். அங்கே பிற்பகல் 3 மணி 2.44 ஆகிவிடும்.

இவை எல்லாம் சூரிய நேரத்துக்கான பிழைகள். கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுபவர்கள் இன்னும் ஒரு படி தாண்ட வேண்டும். கோனார்க் இந்திய நேரத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால் 14 நிமிடம் முந்தும். அதன் மேல், சூரிய நண்பகல் ஆண்டு முழுவதும் சில நிமிடம் முன்பின் நகரும் ஏற்ற இறக்கமும் சேரும். நவம்பர் தொடக்கத்தில் அங்கே சூரிய நண்பகல் 11.29க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12 மணியை ஒட்டி வரும். பயணிகள் கடிகாரத்தைப் பார்த்து "சரியாக இருக்கிறதே!" என்று வியப்பது பெரும்பாலும் இரண்டு பிழைகள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று விழுங்கும் வேளைகளில்தான்.

நிழலின் நீளமும் இடறுகிறது. டிசம்பர் நண்பகலில் நிழல் வட்டையில் உள்ள முத்தைத் தொட வேண்டுமானால் அச்சு சுமார் 1.4 மீட்டர் வெளியே நீண்டிருக்க வேண்டும். சமநாளிலும் அரை மீட்டருக்கு மேல் வேண்டும். நேர்ச்சுவரில் செங்குத்துக் கம்பி வைத்துச் செய்த உண்மையான கடிகாரங்கள் இல்லாமல் இல்லை. அவற்றில் கம்பி நுனியின் நிழலை மட்டுமே படிப்பார்கள். மணிக்கோடுகளும் கம்பியின் அடியில் சந்திக்காது. கோனார்க்கில் அரை மீட்டர் கம்பி என்றால் கோடுகள் குடத்துக்கு (சக்கரத்தின் நடுப்பகுதிக்கு) 18 செ.மீ. மேலே உள்ள புள்ளியில் சந்திக்க வேண்டும். ஆனால் சக்கரத்தின் ஆரக்கால் அனைத்தும் குடத்தில்தான் சேர்கின்றன. செதுக்கியவர் மனதில் இருந்தது தேர்ச் சக்கரம் என்பதற்கு எங்களுக்கு இதைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

திருத்த அட்டவணை ஒன்று போட்டுவிட்டால் கடிகாரமாகிவிடாதா என்ற மாற்றுக் கருத்தும் பதிவாகியிருக்கிறது. அட்டவணை போட்டால் தெருவிளக்குக் கம்பமும் நேரம் காட்டும். ஆகவே செயற்குழு வைத்த விதி: நிழல் தரும் விளிம்பு எது என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும், அந்த ஊரின் அட்சரேகைக்கு நிழல் போகும் பாதையைக் குறிகள் பின்பற்ற வேண்டும். முதல் விதியில் சக்கரம் பாதி தேறியது. இரண்டாவதில் தேறவில்லை. காலத்தைக் குறிக்கும் சிற்பம் என்று பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறோம்.

சோதித்துப் பார்க்க விரும்பும் உறுப்பினர்களுக்குச் செய்முறை: 60 செ.மீ. விட்டத்தில் பிளைவுட் வட்டம் வெட்டி வெள்ளையடித்து, 22.5 பாகைக்கு ஒன்றாக 16 கோடுகள் போடவும். நடுவில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. டிசம்பருக்கு 15 செ.மீ., மார்ச்சுக்கு 7 செ.மீ. வெளியே நின்றால் போதும். மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கவும். கம்பி ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்தாலே டிசம்பர் நண்பகலில் ஏறத்தாழ 4 நிமிடம் போய்விடும். சென்னையில் தெற்கு பார்த்த சுவரில் மேல் விளிம்பைச் சாய்த்து, அடி விளிம்பைச் சுவரிலிருந்து 7 செ.மீ. முன்னால் தள்ளி வையுங்கள். இரு ஊர்களின் அட்சரேகை வித்தியாசமான 6.8 பாகை அதில் அடங்கிவிடும். பலகை கோனார்க் சுவருக்கு இணையாகிவிடும்.

பெரும்பாலும் சொதப்புவது திசையில்தான். வீட்டுச் சுவர் தெற்கிலிருந்து 5 பாகை திரும்பியிருந்தால் டிசம்பர் நண்பகலிலேயே கால் மணி நேரத்துக்கு மேல் பிழை வரும். ஜன்னல் கிரில் பக்கத்தில் இருந்தால் திசைகாட்டியை நம்ப வேண்டாம். தூக்குக்குண்டின் நிழலைச் சூரிய நண்பகலில் தரையில் கோடாக வரைந்துகொள்வதே மேல். டிசம்பர் 21இல் சென்னைக்குச் சூரிய நண்பகல் 12.07. நேர்ச்சுவரில், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் வரும் ஏப்ரல் 24 நிழலில்லா நாளுக்குப் பிறகு ஆகஸ்ட் 18 வரை வெயில் விழாது. சாய்ந்த பலகையில் இன்னும் சில வாரங்கள் கிடைக்கும். எப்படியும் செப்டம்பருக்குப் பிறகு தொடங்குவது நல்லது.

தாராசுரம் ஐராவதீஸ்வரர் கோயில் தேர் மண்டபச் சக்கரங்களையும் இதே முறையில் பார்க்கும்படி கேட்டிருக்கிறார்கள். அங்கே அட்சரேகை 11 பாகைதான். தெற்கு நோக்கிய சக்கரமாக இருந்தால் டிசம்பர் பிற்பகல் 3 மணிக்குப் பிழை 17 நிமிடத்துக்குள் அடங்கும். சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். அளவெடுக்க முன்வருபவர்கள் பொதுக்குழு முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

செயலர்