மலைப் பயணத்தில் உணவுக் கணக்கு தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இமயமலையில் பல நாள் நடந்து கூடாரத்தில் தங்கும் பயணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். காலணி, கூடாரம், மழைச்சட்டை ஆகியவற்றைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிய கட்டுரையாளர், உணவையும் தண்ணீரையும் மட்டும் 'ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தேவையான உலர் உணவு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் இத்தகைய பயணங்களுக்குப் புறப்படும் இளைஞர்கள் அந்த ஒரு வரியை நம்பித்தான் மூட்டை கட்டுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

3 லிட்டர் தண்ணீர் என்றால் முதுகில் 3 கிலோ. ஓடைகள் அடுத்தடுத்து வரும் பள்ளத்தாக்கில் அது வீண் சுமை. நீரில்லாத முகட்டில் இரவு தங்க நேர்ந்தால் அதுவே போதாது. வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாம்பாட்டிச் சுனை எங்கே, கைதட்டிச் சுனை எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டுதான் அவர்கள் பாட்டிலை நிரப்புகிறார்கள். நீண்ட பயணத்துக்கும் அதே முறைதான் பொருந்தும்: ஒரு நீர்நிலைக்கும் அடுத்த நீர்நிலைக்கும் இடையே எத்தனை மணி நேர நடை என்று பார்த்து, மணிக்கு அரை லிட்டர் வீதம் சுமக்க வேண்டும். தங்குமிடத்தில் நீர் இல்லையென்றால், சமையலும் குடிநீருமாக மறுநாள் காலை வரை ஆளுக்கு இரண்டரை லிட்டரை இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

உணவுப் பட்டியல் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம். 12 ஆண்டுகளுக்கு முன், இமாச்சலப் பிரதேசத்தில் குல்லுவையும் லாகுலையும் இணைக்கும் ஹம்டா கணவாய்க்கு நண்பர்கள் ஆறு பேர் போனபோது, வீட்டு நினைப்பில் பொன்னி அரிசியும் துவரம்பருப்பும் எடுத்துச் சென்றோம். சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை எத்தனையோ மாணவர்களுக்குப் பாடம் நடத்திய இயற்பியல் ஆசிரியன் நான். ஆனாலும் குக்கரை எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. ஒன்றரை மணி நேரம் அடுப்பு எரிந்தும் பருப்பு வேகவில்லை. இரண்டு நாளுக்கென்று வைத்திருந்த எரிவாயு அன்றிரவே தீர்ந்துபோனது.

அடுத்த பயணத்துக்கு என் மனைவி வைத்துக் கொடுத்த மூட்டையே இன்றுவரை எங்கள் குழுவின் அளவுகோல். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துப் பழகிய கை அது. கெட்டி அவல், நல்லெண்ணெய் தாராளமாக விட்டு நீர் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், வறுத்த நிலக்கடலை, எள்ளுருண்டை, பொட்டுக்கடலை மாவு, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் அதே கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. அவலைக் கொதித்து ஆறிய தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் சமைக்க அடுப்பே வேண்டாம். சோறு வடிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் மிச்சம். அரிசியில் கிராமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்றரை கலோரி. எண்ணெயில் 9, நிலக்கடலையில் ஐந்தரைக்கு மேல். இப்படிச் சேர்த்து வைத்தால் 700 கிராமில் 3,000 கலோரியைத் தொட்டுவிடலாம். சுமையோடு ஏறி இறங்குகிறவருக்கு ஒரு நாளைக்கு அவ்வளவாவது வேண்டும். ஆறு நாளுக்கு 4 கிலோ 200 கிராம். வழி அடைபட்டாலோ பனி பெய்தாலோ உதவ இன்னும் ஒரு நாளுக்கான பொட்டலம். ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பையாகக் கட்டிவிட்டால், முதல் இரண்டு நாளிலேயே எள்ளுருண்டை காலியாகும் வழக்கமான தகராறும் இராது.

சூடான உணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குளிரில் ஒரு வாய் ரவை உப்புமா தரும் தெம்பு தனி. ஆனால் அதை மதியமே ஓடைக்கரையில் சமைத்து உண்டுவிட்டு, பாட்டில்களை நிரப்பிக்கொண்டு முகட்டுக்கு ஏறினால், நீரில்லாத இடத்தில் இரவு அவலோடு முடித்துக்கொள்ளலாம்.

ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடமாவது கொதிக்கட்டும். பனியாற்று நீரில் மாவு போன்ற வண்டல் இருக்கும் என்பதால் இரவே பிடித்துத் தெளியவிட வேண்டும். பனி உருகி வரும் ஓடைகளில் பிற்பகலில் வெள்ளம் கூடும். அவற்றைக் காலையிலேயே கடப்பது நல்லது. குளிரில் தாகம் தெரியாது என்பதால் சிறுநீர் அடர் மஞ்சளாகிறதா என்று பார்த்துக்கொள்வதே எளிய சோதனை.

எரிவாயுக் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோக அனுமதி இல்லை. கோவையில் வாங்கி வைத்துவிட்டு விமான நிலையத்தில் பறிகொடுப்பதைவிட மணாலி போன்ற ஊர்களில் வாங்கிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் நம் ஆனைமலையிலோ சத்தியமங்கலம் காட்டிலோ ஒத்திகை பார்க்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவதே குற்றம்; தின்பண்ட வாசம் யானையைக் கூடாரத்துக்கு இழுத்து வந்துவிடும். ஒத்திகைக்கு வீட்டு மொட்டை மாடி போதும். இரண்டு நாள் அந்த மூட்டையை மட்டுமே உண்டு பார்த்தால், எது தெவிட்டுகிறது, எது வயிற்றுக்கு ஒவ்வவில்லை என்பது தெரிந்துவிடும்.

இனிமேல் இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, ஒவ்வொரு நாள் நடையிலும் நீர் கிடைக்கும் இடங்களையும் அவற்றுக்கு இடையேயான நடை நேரத்தையும் சிறு பெட்டிச் செய்தியாகவாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.