காப்புறுதி கொழும்போடு முடிந்துவிடக் கூடாது: அரிசி ஆலை உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட அரிசி ஆலை உரிமையாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பெரும்போக நெல் ஆலைக்கு வருமுன் கலர் சோர்ட்டர் (கறுத்த மணியைக் கமராவால் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம்) வந்து இறங்கவேண்டும் என்று வெளிநாட்டுக்கு ஓடர் கொடுக்கிறீர்கள். இன்சூரன்ஸ் போட்டாயிற்றா என்று கேட்டால், “சிஐஎஃப் விலைதானே, அதுக்குள்ள எல்லாம் இருக்கு” என்பதே வழக்கமான பதில். (சிஐஎஃப் என்பது சாமான், காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த விலை.) இருக்கிறதுதான். ஆனால் அந்தப் பொலிசியை வாசித்துப் பார்ப்பவர்கள் குறைவு. சரக்குக் காப்புறுதியும் நட்டஈட்டுக் கோரிக்கையும் எங்கள் தொழில் என்பதால் எழுதுகிறோம்.

இன்கோட்டேர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச வர்த்தக விதிப்படி, சிஐஎஃப் விலையில் விற்பவர் எடுத்துத் தரவேண்டியது ஆகக் குறைந்த ‘சி’ வகைக் காப்புறுதி (சரக்குக் காப்புறுதியின் பொது வாசகத்திலுள்ள ஏ, பி, சி வகைகளில் கடைசி) மட்டுமே. தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல், லொறி புரளுதல் போன்ற பெரிய விபத்துகளுக்குத்தான் அது பணம் தரும். கிரேனிலிருந்து பெட்டி நழுவினாலும், ஃபோர்க்லிஃப்டின் முள்ளு குத்தினாலும், மழைத்தண்ணி இறங்கினாலும், களவு போனாலும் ஒரு சதமும் வராது. கலர் சோர்ட்டரைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தச் ‘சின்ன’ விஷயங்கள்தான். அரிசி வழுக்கி இறங்கும் தகடு கொஞ்சம் வளைந்தாலே மணிகள் கமராவுக்கு முன்னால் நேராக விழாது. காற்று வால்வு கறுத்த மணியை விட்டுவிட்டு நல்ல மணியைத் தள்ளும். வெளிப்பெட்டியில் கீறல்கூட இருக்காது.

ஆகவே கேட்கவேண்டியது ‘ஏ’ வகை. விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லாச் சேதத்துக்கும் அது பொருந்தும். விலக்குகளில் மூன்று உங்களுக்கு முக்கியம். முதலாவது, போதாத பொதி. ஏற்றுமுன்பே பெட்டி சரியாகக் கட்டப்படவில்லை என்றால் கோரிக்கை விழுந்துவிடும். அதனால் ஈரம் புகாத அலுமினியப் படல உறை, ஈரம் உறிஞ்சும் பைகள், மரச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய அடித்தளம், சரிவையும் அதிர்ச்சியையும் காட்டும் ஸ்டிக்கர் ஆகியவற்றை ஓடரிலேயே எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, தாமதம். கப்பல் பிந்தி அறுவடை தவறினால் எந்த வகையிலும் நட்டஈடு இல்லை. மூன்றாவது, வெளிக்காயம் எதுவும் இல்லாத மின் அல்லது இயந்திரக் கோளாறு. இதை நிறுவனங்கள் தனி நிபந்தனையாகச் சேர்ப்பது வழக்கம். ஸ்டிக்கர் சிவந்திருந்தால் அடி பட்டதற்கு அது ஒரு சாட்சி. பழைய இயந்திரம் வாங்குகிறவர்கள் துரு, நெளிவு, கீறல் பற்றிய விலக்கையும் தேடிப் பாருங்கள்.

எங்கள் கண்ணில் இதைவிடப் பெரிய ஓட்டை, பொலிசியில் எழுதப்படும் சேருமிடம். அதில் ‘கொழும்பு’ என்று மட்டும் இருந்தால், ஹபரணை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை வழியாக வரும் மீதிப் பாதை முழுக்க உங்கள் தலையில். அதுவும் மார்கழி, தை வெள்ளத்தில். ‘சம்மாந்துறை’ என்றோ ‘ஏறாவூர்’ என்றோ ஊரையும் ஆலையின் முகவரியையும் எழுதச் சொல்லுங்கள். பொலிசியில் உள்ள அந்தப் பொது வாசகம் 2009ஆம் ஆண்டுப் பதிப்பா என்றும் பாருங்கள். அதன்படி ஆலையில் லொறியிலிருந்து இறக்கி முடியும்வரை காப்புறுதி நிற்கும். 1982ஆம் ஆண்டுப் பதிப்பில் இறக்குவது பற்றித் தெளிவில்லை. கிரேன் இல்லாமல் பைப் போட்டு உருட்டி இறக்குகிற நம்மூரில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. இன்னுமொன்று: கப்பலிலிருந்து இறங்கி 60 நாள் கடந்தால், அல்லது நீங்களாகவே வழியில் ஒரு களஞ்சியத்தில் போட்டுவைத்தால், காப்புறுதி அத்தோடு முடியும்.

“லொறிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு” என்று லொறிக்காரர் சொன்னால் அது லொறிக்குத்தான், ஏற்றிய சாமானுக்கு அல்ல. கொழும்புக்கு அரிசி அனுப்புகிறவர்களுக்கும் இதே கதை.

நட்டஈட்டைக் கப்பல் கம்பனியிடமே வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கப்பல் கம்பனியின் பொறுப்பை வரையறுக்கும் ஹேக்-விஸ்பி விதிகளின் உச்சவரம்பு பொதி ஒன்றுக்கு 666.67 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர். எது கூடவோ அது. 900 கிலோப் பெட்டிக்கு 1,800 எஸ்டிஆர் வரும். ஒரு எஸ்டிஆரை 1.35 டொலராக வைத்தால் 2,430 டொலர். இயந்திரத்தின் விலை 25,000 டொலர் என்றால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் கம்பனியின் பொறுப்பு என்று நிறுவினால்தான் பெறலாம். மாலுமியின் செலுத்தற் பிழைக்கு அவர்களுக்கு விலக்கே உண்டு.

பொதுச்சேதப் பங்கீடு என்றொரு பழைய கடல் வழக்கமும் இருக்கிறது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆகும் செலவை எல்லாச் சரக்குக்காரரும் பங்குபோட்டுக் கட்டவேண்டும். 2024 மார்ச்சில் கொழும்பை நோக்கிப் புறப்பட்ட ‘டாலி’ கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தில் மோதியபின் இது அறிவிக்கப்பட்டது. உங்கள் பெட்டிக்குச் சேதமே இல்லாவிட்டாலும், பிணை கொடுக்காமல் விடமாட்டார்கள். காப்புறுதி இருந்தால் அந்தப் பிணையை நிறுவனம் கொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் போடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ரப்பர் ரோலர், சல்லடை, பெல்ட் போன்றவை உடைந்தால் அடுத்த கிழமை வேறு வாங்கிக்கொள்ளலாம். விலக்குத் தொகையை (ஒவ்வொரு நட்டத்திலும் நீங்களே ஏற்கவேண்டிய பகுதியை) கழித்தால் கைக்கு ஒன்றும் வராத சாமானுக்குத் தவணைப்பணம் வீண். பெட்டி நொறுங்கி வந்தால் அதே விலைக்கு இன்னொன்று கடனில்லாமல் வாங்க முடியுமா? முடியாது என்றால் போடுங்கள். சிஐஎஃப் விலையோடு 10 வீதம் கூட்டிப் போடுவது வழமை. கட்டும் சுங்க வரியையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள்.

சேதம் தெரிந்தால் முதல் வேலை, டெலிவரி நோட்டில் ‘பெட்டி உடைந்துள்ளது’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்து வைப்பது. ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று ஒப்பமிட்டால் கோரிக்கை பாதி செத்துவிடும். சீல் இலக்கம் தெரியப் படம் எடுங்கள். சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் சேர்வேயர் வருமுன் மேற்கொண்டு பிரிக்கவேண்டாம், பலகையை விறகுக்குக் கொடுக்கவும் வேண்டாம். வெளியே தெரியாத சேதத்துக்குக் கப்பல் கம்பனிக்கு 3 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். வழக்குப் போட ஒரு வருடம். விமானத்தில் வந்த உதிரிப்பாகம் என்றால் முறைப்பாட்டுக்கு 14 நாள்.

சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு பெட்டி இறக்கும் ஆலை தனியாகப் போனால் பேரம் பேச இடமில்லை. இந்தப் போகத்தில் இறக்கப்போகும் இயந்திரங்களின் பட்டியலைச் சேர்த்து, ‘ஏ’ வகை, 2009 வாசகம், ஆலைவாசல் வரை என்ற மூன்று நிபந்தனைகளோடு குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். சிஐஎஃப் விலையோடு சிஎஃப்ஆர் (காப்புறுதி சேராத) விலையையும் விற்பவரிடம் வாங்கி ஒப்பிடுங்கள். எல்சி (விற்பவருக்குப் பணம் தர வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறக்குமுன் இது முடியவேண்டும். திறந்தபின் மாற்றுவதற்கு வங்கி தனியாகக் கட்டணம் எடுக்கும்.

இப்படிக்கு,
சுங்க விடுவிப்பிலும் சரக்குக் காப்புறுதியிலும் தொழில் செய்வோர் சிலர்