கயாக்கின் தோலைத் தைத்த பெண்களையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கடல் விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையில், மேற்புறம் மூடி உட்கார மட்டும் திறப்பு விட்ட ஒடுங்கிய துடுப்புப் படகான கயாக்குக்கு நல்ல இடம் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்தப் படகை உலகுக்குத் தந்த, கிரீன்லாந்து, வட கனடா போன்ற வடதுருவக் கரைகளின் பூர்வகுடிகளான இன்யூட் மக்களின் கதை ஒரே வரியில் முடிந்துவிட்டது. வேட்டைக்குப் போன ஆண்கள் கையில் கிடைத்த எலும்பையும் தோலையும் வைத்துக் கட்டிக்கொண்ட எளிய படகு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கயாக்கில் ஏறி சீல் வேட்டைக்குப் போனது ஆண்கள்தான், மரச்சட்டத்தைக் கட்டியதும் அவர்கள்தான், சரி. அந்தச் சட்டத்தைப் படகாக்கியது மேலே போர்த்திய தோல். அதைப் பதப்படுத்தியதும் தைத்ததும் பெண்கள். உங்கள் கட்டுரையில் ஒரு பெண்கூட வரவில்லை.

முதலில் அந்த 'எளிய' என்ற சொல்லைப் பார்ப்போம். படகு கட்டும் அளவுக்கு மரம் வளராத கரையில் வாழ்ந்தவர்கள் இவர்கள். சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளும் மரங்கள் வடதுருவப் பனியில் சிக்கி, அதனோடு நகர்ந்து கிரீன்லாந்துக் கரையில் வந்து ஒதுங்கும். அப்படி ஒதுங்கிய மரத்தில்தான் சட்டம். இரண்டு பக்கமும் ஓடும் நீளமான மேல்சட்டங்கள் முக்கியமான பாரத்தைத் தாங்கும். அவற்றில் துளையிட்டு, நனைத்துச் சூடாக்கி வளைத்த விலாக் குச்சிகளைச் செருகுவார்கள். ஆணி கிடையாது. மர முளைகளும் தோல்வார்க் கட்டுகளும்தான். அதனால் அலை தூக்கும்போது படகு முறியாமல் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். அளவுகோல் ஓட்டுபவரின் உடம்புதான். நீளம் சுமார் மூன்று பாகம் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்), அகலம் இடுப்போடு இரண்டு கைமுட்டி என்பது கிரீன்லாந்தில் சொல்லப்படும் ஒரு கணக்கு. 5 மீட்டருக்கு மேல் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட ஒரு படகு, அதை ஓட்டுபவருக்கென்றே அளந்து செய்யப்பட்டது. இன்னொருவருக்கு அது சரியாகப் பொருந்தாது. ஊருக்கு ஊர் வடிவமும் மாறும். கனடாவின் உள்நாட்டு ஏரிகளில் நீந்திக் கடக்கும் கரிபு மான்களைத் துரத்தக் கட்டிய கயாக்கும், திறந்த கடலுக்குக் கட்டிய கயாக்கும் வேறு வேறு.

இனி தோலுக்கு வருகிறேன். ஒரு கயாக்குக்கு ஒரு சீலின் தோல் போதாது, சிலவற்றை இணைக்க வேண்டும். பிறை வடிவிலான 'உலு' கத்தியால் பெண்கள் தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டி எடுப்பார்கள். அப்புறம் ரோமத்தை நீக்கி, தோலை ஈரம் காயாமல் வைத்திருந்து, சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்தித் தைப்பார்கள். காய்ந்துவிட்டால் தோல் வளைந்து கொடுக்காது. அதனால் பல பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் தைத்து முடிப்பது வழக்கம். தைத்த தோல் காயக் காயச் சுருங்கி, மத்தளத்தின் தோல் மாதிரி சட்டத்தின் மேல் விறைப்பாக நிற்கும்.

இந்தத் தையலில்தான் அவர்களுடைய அறிவின் உச்சம் தெரிகிறது. சாதாரணமாகத் தைத்தால் ஊசி தோலைத் துளைத்து மறுபக்கம் வரும், அந்தத் துளை வழியே தண்ணீர் புகுந்துவிடும். இன்யூட் பெண்கள் ஊசியைத் தோலின் பாதித் தடிமன் வரை மட்டும் செலுத்தி, பக்கவாட்டில் வெளியே எடுப்பார்கள். இரண்டு தோல்களும் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வைத்து, உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை. எந்த ஊசித் துளையும் தோலை ஊடுருவிப் போகாது. நூல் என்பது மானின் அல்லது திமிங்கிலத்தின் தசைநாணைப் பிரித்தெடுத்தது. நனைந்தால் அது உப்பி, தான் புகுந்த துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். இதற்கு மேல் கொழுப்பு பூசுவார்கள். ஒரு மில்லிமீட்டர் ஆழமாகப் போன ஊசி, உறைபனிக் கடலில் கணவனையோ மகனையோ கொன்றுவிடலாம் என்று தெரிந்து தைத்த கைகள் அவை. அதோடு வேலை முடிந்துவிடாது. தோல் நாளடைவில் நைந்துபோகும். படகைக் கரையேற்றிக் காயவைக்க வேண்டும், கிழிந்தால் ஒட்டுப்போட வேண்டும், பழசானதும் முழுத் தோலையும் மாற்ற வேண்டும். மரச்சட்டம் பல தோல்களைக் கண்டுவிடும்.

கவிழ்ந்த கயாக்கைத் தண்ணீருக்குள்ளிருந்தே நிமிர்த்தும் வித்தையை உங்கள் கட்டுரை இரண்டு பத்தி எழுதியிருந்தது. அதில் 1927இல் ஆஸ்திரியர் பாவ்லாட்டா இதைச் செய்துகாட்டியதைச் சொன்னீர்கள். 1930-31இல் கிழக்குக் கிரீன்லாந்துக்குப் போன ஆங்கிலேயர் ஜினோ வாட்கின்ஸ் அங்கிருந்தவர்களிடமே இதைக் கற்றார் என்பதும், 1932 ஆகஸ்டில் அதே கடலில் தனியாகக் கயாக்கில் வேட்டைக்குப் போய்த் திரும்பவில்லை என்பதும் விடுபட்டுவிட்டன. அதைவிடப் பெரிய விடுபடல் துயிலிக். தலையை மூடி, முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் இறுகி, கீழ்விளிம்பு படகின் உட்காரும் வளையத்தோடு கட்டப்படும் தோல் மேலாடை அது. ஓட்டுபவரும் படகும் ஒரே உடலாவது அதனால்தான். அது இல்லாமல் கவிழ்ந்தால் வளையத்தின் வழியே தண்ணீர் கொட்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நிமிர்ந்த படகு நீரால் நிறைந்திருக்கும். துயிலிக்கைத் தைத்ததும் பெண்கள்தான், அதே தண்ணீர் புகாத தையலில். ஆணின் வித்தை என்று நாம் கைதட்டுவதில் சரிபாதி தையல்காரியின் வித்தை.

பிறகு வந்த காலம் இந்தப் பாதியை மறைத்துவிட்டது. 1905இல் மியூனிக் மாணவர் ஆல்ஃபிரட் ஹாய்ரிச் மடித்து எடுத்துச் செல்லும் கயாக் ஒன்றைச் செய்தார். கிளெப்பர் நிறுவனம் அதை விற்றது. அதில் மரச்சட்டம் இருந்தது, தோலுக்குப் பதில் ரப்பர் பூசிய துணி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கயாக் போட்டி நுழைந்தது. 1959இல் கென் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மேற்குக் கிரீன்லாந்தின் இல்லோர்சுயிட் கிராமத்திலிருந்து ஒரு கயாக்கைக் கொண்டுபோனார். பின்னால் வந்த கண்ணாடியிழைக் கடல் கயாக்குகள் சிலவற்றின் வடிவம் அதிலிருந்தே பிறந்தது. அச்சில் வார்க்கும் படகில் தையலே இல்லை. தையல் போனதும் தைத்தவர்களும் கதையிலிருந்து போய்விட்டார்கள்.

இன்யூட் மக்களிடமே கயாக் மறைந்து திரும்பிய கதையும் உண்டு. கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையில் வாழ்ந்தவர்கள் கயாக் கட்டுவதையே மறந்துபோயிருந்தார்கள். 1860களில் கனடாவின் பாஃபின் தீவிலிருந்து கித்லார்சுவாக் என்பவரின் தலைமையில் நெடுந்தூரம் பயணித்து வந்த ஒரு குழு அதை அவர்களுக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தது. இன்று அதே பகுதியில், கானாக் ஊரைச் சுற்றி, நார்வால் திமிங்கில வேட்டையில் கயாக்கிலிருந்து கையால் எறியீட்டி எறிவது தொடர்கிறது. மோட்டார் படகு வந்தபின் மற்ற இடங்களில் ஒதுங்கிய கயாக்கை 1980களிலிருந்து கிரீன்லாந்துக் கயாக் சங்கம் மீட்டு வருகிறது. ஆண்டுதோறும் நடக்கும் அதன் போட்டிகளில் துடுப்பு வலித்தல், எறியீட்டி எறிதல், கவிழ்ந்து நிமிர்தல் எல்லாம் உண்டு. பெண்களும் களமிறங்குகிறார்கள். படகுகளில் இப்போது பெரும்பாலும் துணிதான், ஆனால் சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்தித் தைப்பது மட்டும் மாறவில்லை.

இதே வரிசையில் அடுத்த கட்டுரை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் உமியாக்கைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தையும் கூடாரத்தையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போன பெரிய திறந்த தோல் படகு அது. கிரீன்லாந்தில் அதை வலித்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. அதையும் தைத்தவர்கள் அவர்களே. படம் போட இடம் இருந்தால், கவிழ்ந்து நிமிரும் வீரரின் படத்துக்குப் பக்கத்தில் துயிலிக்கின் தையலை நெருக்கமாகக் காட்டும் படம் ஒன்றையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகி,
நாகர்கோவில்