மெத்து வேறு, கொழகொழ வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மாம்பழம் வாங்குவது பற்றிய குறிப்பில், 'தொட்டால் மென்மையாக இருக்கும் பழமே பழுத்த பழம்' என்று போட்டிருந்தீர்கள். சென்னையில் இருக்கும் என் மகள் அதை நம்பி, நான் பஸ்ஸில் போட்டு அனுப்பிய பெங்களூரா ரக மாம்பழத்தைத் தினமும் அமுக்கிப் பார்த்திருக்கிறாள். மென்மையாகட்டும், மென்மையாகட்டும் என்று காத்திருந்ததில் ஒரு கூடைப் பழம் குப்பைக்குப் போய்விட்டது. பெங்களூரா பழுத்தாலும் சதை கெட்டியாகத்தான் நிற்கும். நிறம் திரும்பி, காம்படியில் முகர்ந்தால் வாசம் வந்ததும் அறுத்துவிட வேண்டும்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் தோப்பு. நாற்பது வருடமாக மண்டிக்குப் போய்வருகிறேன். அங்கே ஒருவர் வாயிலும் 'மென்மை' வந்து கேட்டதில்லை. 'மெத்துனு இருக்கு' என்பார்கள். கட்டைவிரலை வைத்தால் லேசாக உள்ளே போகும், எடுத்தால் தடம் தெரியாது. அது மெத்து. தடம் பள்ளமாக அப்படியே நின்றால் கொழகொழ; அன்றைக்கே தின்றாக வேண்டும், லாரியில் ஏற்றக்கூடாது. தோல் விட்டு நீர் வடிந்தால் சொதசொத. அது மாட்டுக்கு.

அல்போன்சாவில் ஒரு தொல்லை உண்டு. தொட்டால் மெத்தென்று இருக்கும், நிறத்திலும் குறை தெரியாது. அறுத்தால் கொட்டையை ஒட்டிய சதை பஞ்சு மாதிரி வெளுத்துப் புளிக்கும். வெளியிலிருந்து பார்த்து எந்த வியாபாரியாலும் கண்டுபிடிக்க முடியாது. இதற்கும் 'மென்மை' என்றுதான் எழுதுவீர்களா?

போன மாதம் நீங்கள் போட்ட கேழ்வரகுக் களிக் குறிப்பிலும் இதே கதைதான். 'மென்மையானதும் இறக்கவும்' என்று ஒரே வரி. மாவு வேகாத களியும் மென்மைதான் ஐயா, ஆனால் பிசுபிசுவென்று கையோடு வரும். என் அம்மா அதைப் 'போஸ்டர் ஒட்டத்தான் ஆகும்' என்று அப்படியே தள்ளி வைத்துவிடுவார். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது; உருட்டி வைத்தால் மெத்தென்று உட்கார வேண்டும். அப்புறம்தான் அடுப்பை அணைப்பார்.

பேச்சு வழக்கு என்று 'மெத்து' என்ற சொல்லை ஒதுக்கினீர்களோ என்னவோ. மார்கழி விடியலில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை 19ஆம் பாட்டு வரும்: 'மெத்தென்ற பஞ்ச சயனத்தின் மேலேறி'. ஆண்டாளுக்குச் சரியாக இருந்த சொல் சமையல் குறிப்புக்கு ஆகாதா? மெத்தைக்கு அந்தப் பெயர் வந்ததே மெத்தென்று இருப்பதால்தானே. மென்மையை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. குரலுக்கு எழுதுங்கள், சுபாவத்துக்கு எழுதுங்கள்.

அடுத்த வாரம் நீலம் பழம் பற்றி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள். மகளுக்கு அடுத்த கூடையை அதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாந்தோப்புக்காரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.